‘ஆகாது’ என்றாராம்

எங்கள் பக்கத்து ஆட்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. புதிதாக ஒருவரைப் பார்த்தால் பேர் கேட்பதற்கு முன்னால் ஊர் கேட்பார்கள். ஊர் கேட்ட கையோடு, "எந்தக் கூட்டமுங்க?" என்பார்கள். ஈஞ்சன் கூட்டம், பொருளந்தை கூட்டம், ஓதாளன் கூட்டம் என்று கொங்குக் கவுண்டர்களுக்குள் எத்தனையோ கூட்டங்கள். ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் என்றால், முன்பின் முகம் பார்க்காதவர்களாக இருந்தாலும் அண்ணன் தங்கைதான். அங்கே கல்யாணப் பேச்சுக்கே இடமில்லை. அதனால்தான் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்கிறார்கள்.

எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். டவுன் பஸ்ஸில் கேட்பார்கள், பல் டாக்டர் வீட்டு வாசலில் கேட்பார்கள், புடவைக் கடையில் முந்தானையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள். "தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று வாய் வரைக்கும் வரும். அம்மா முறைப்பாள். அடக்கிக்கொள்வேன்.

அப்படிப்பட்ட நான், ஒரே ஒரு மனுஷர் ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாதா என்று இப்போது ஏங்குகிறேன். தலையெழுத்து, வேறென்ன.

தொண்ணூற்று நாலில் நான் இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்தில் ஜவுளி டிசைன் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குப் பீளமேட்டில் மோட்டார் பம்பு செய்கிற பட்டறை. "கல்யாணத்தப் பண்ணிக்கிட்டு அப்பறம் எங்க வேணா போயித் தொலை" என்ற அம்மாவோடு மல்லுக்கு நின்று, அப்பாவைக் கைக்குள் போட்டுக்கொண்டு, எப்படியோ விமானம் ஏறிவிட்டேன். ஏறின பிறகுதான் தெரிந்தது, அங்கே பேசுவதற்கு ஆளில்லை என்று. கோயமுத்தூர்க்காரன் என்று ரிஃபத் ஒருவன் மட்டும் என் வகுப்பில் இருந்தான். கோட்டைமேட்டுப் பையன். அவன் அத்தாவுக்குப் பெரியகடை வீதியில் ஜவுளிக்கடை. ஆனால் அவன் எந்நேரமும் வெள்ளைக்காரப் பையன்களோடு கால்பந்து ஆடப் போய்விடுவான். நான் அறைக்குள் உட்கார்ந்து சுவரோடு பேசுவேன்.

ஏப்ரல் மாதம் ஒரு நாள் அவன் வந்து, "சாந்தா, ஹாலந்துக்குப் பூப் பாக்கப் போலாமா? சனி, ஞாயிறு ரெண்டு நாளு. வெள்ளிக்கெழம கப்பல் ஏறுனா காத்தால அங்க இருப்போம்" என்றான்.

"பூப் பாக்கவா? அதுக்குக் கப்பல்ல போகோணுமா?"

"சும்மா வா சாமி. பிராட்ஃபோர்டுல படிக்கற ஒருத்தன் வாரான். தம்பிதுரைன்னு பேரு. பல்லடத்துல தறி வெச்சிருக்கறாங்க. உங்க ஆளுதான்."

உங்க ஆளு என்றதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. வந்ததும் வராததுமாகக் கூட்டம் கேட்கப் போகிறது ஒன்று என்று நினைத்தேன்.

ஹல் துறைமுகத்தில் நாங்கள் ஆறேழு பேர் வரிசையில் நின்றோம். தம்பிதுரையை மட்டும் காணவில்லை. பார்த்தால், தூரத்தில் லாரிகள் நிற்கிற வரிசையில், இரண்டு லாரிக்கு நடுவில், ஒரு பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு ஒருவர் நிற்கிறார். நெற்றியும் நிற்கிற தோரணையும் பார்த்தால் ஆயிரம் பேர் நடுவில் விட்டாலும் பல்லடம் என்று சொல்லிவிடலாம். கப்பலின் வாய் திறந்துகொண்டிருந்தது. லாரிகள் உறுமின. எனக்குப் பயம் வந்துவிட்டது.

"ஏனுங்க! ஏனுங்க! அது லாரிக போற வழிங்க! இக்கட்ட வாங்க!" என்று கத்திவிட்டேன்.

அவர் திரும்பினார். ஓடி வந்தார். வந்து, மூச்சு வாங்க, "இப்ப என்னுங்க சொன்னீங்க?" என்றார்.

"லாரிக போற வழின்னேனுங்க."

"அதில்லீங்க. அதுக்கு முன்னால."

"ஏனுங்கன்னேன்."

"அதுதானுங்க. அந்தச் சொல்லக் கேட்டு ரொம்ப நாளாச்சுங்க" என்றார். கண் கலங்கியிருந்தது. லாரிப் புகையால்தான் என்று அப்புறம் சாதித்தார்.

ரிஃபத் விழுந்து விழுந்து சிரித்தான். "ஏ சாந்தா, உங்க பக்கம் ஏனுங்கன்னா ஊட்டுக்காரரக் கூப்படறதாச்சே. பாத்துக் கூப்புடு" என்றான். எனக்குக் காது வரைக்கும் சூடாகிவிட்டது. தம்பிதுரை பெட்டியின் பூட்டைப் பரிசோதிக்க ஆரம்பித்தார்.

அவர் கூட்டம் கேட்கவில்லை. ஊர் கேட்டார், அப்பா பட்டறை கேட்டார், லீட்ஸில் நல்ல அரிசி எங்கே கிடைக்கும் என்று கேட்டார். கூட்டம் மட்டும் கேட்கவில்லை. அதற்கே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

சனிக்கிழமை பூராவும் ஆம்ஸ்டர்டாம். வீதிக்கு வீதி வாய்க்கால். மற்றவர்கள் அருங்காட்சியகம், கண்ணாடிப் படகு என்று அலைந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டே பின்தங்கினோம். என்ன பேசினோம் என்று கேட்டால், பெரும்பாலும் சோறு. மழைக்காலத்தில் ராத்திரி அரிசிம்பருப்பு சோறு, மேலே நெய், தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் என்று அவர் சொல்லச் சொல்ல, ஒரு பாலத்தின் மேல் நின்று இரண்டு பேரும் எச்சில் விழுங்கினோம். சோற்றைப் பேசியே ஒரு பெண்ணை மயக்க முடியுமா என்று கேட்காதீர்கள். அந்த ஊர் ரொட்டியைத் தின்று பார்த்துவிட்டு அப்புறம் கேளுங்கள்.

சாயங்காலம் ஊருக்கு வெளியே ஒரு காற்றாலையைப் பார்க்கப் போனோம். அவர் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இது எதுக்குங்க சுத்துது? மாவரைக்கவா?"

"தண்ணி எறைக்கறதுக்குங்க. இந்தப் பூமியே கடலுக்குக் கீழ இருக்குது. எறைச்சு வெளிய ஊத்தலீன்னா முழுகிப் போகும்" என்றேன். பம்புக்காரர் மகளாயிற்றே.

"அட சாமி! நம்மூர்ல ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணி வர மாட்டேங்குது. இங்க தண்ணி வேண்டாம்னு எறைச்சுக் கொட்டறாங்க. இத அப்படியே தாராபுரத்துப் பக்கம் திருப்பி உட்டா என்னுங்க?" என்றார். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரக் கிழவர் என்னவோ ஏதோ என்று திரும்பிப் பார்த்தார்.

ரிஃபத் எங்களை அந்தக் காற்றாலைக்கு முன்னால் நிறுத்தி ஒரு படம் எடுத்தான். "கிட்ட நில்லுங்க. நடுவுல எருமை பூந்து போகும் போல இருக்குது" என்றான். நாங்கள் கிட்டே நின்றோம். அவர் சட்டைக் கை என் கம்பளிச் சட்டையில் உரசியது. இந்த மனுஷரோடுதான் நான் இருக்கப் போகிறேன் என்று அன்றைக்கு முடிவே பண்ணிவிட்டேன். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. அதுவரைக்கும் ஒருத்தரைப் பார்த்தும் அப்படி நினைத்ததில்லை. அதற்குப் பிறகும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. நாங்கள் தங்கியிருந்த விடுதியில் காப்பி குடிக்க வந்து உட்கார்ந்தேன். குளித்துவிட்டு வந்த ஈரத் தலை. அம்மா கொடுத்தனுப்பிய திருநீற்றுப் பொட்டலம் கைப்பையில் எப்போதும் இருக்கும். அன்றைக்கு மனசு நிறைந்திருந்ததால் அதை எடுத்து ஒரு கீற்று வைத்துக்கொண்டேன். எதிரே இருந்த தம்பிதுரைக்கும் நீட்டினேன்.

"எந்தக் கோயிலுங்க?" என்று கேட்டுக்கொண்டே விரலை நீட்டினார்.

"எங்க குலதெய்வமுங்க. மணலூத்து."

அவர் விரல் அப்படியே நின்றது.

"தாராபுரம் தாண்டி, அமராவதி ஆத்தோரம் இருக்குதே, அந்த மணலூத்தா?"

"ஆமாங்க. தெரியுங்களா?"

அவர் திருநீற்றை எடுத்துப் பூசிக்கொண்டார். தலை குனிந்து காப்பியைக் குடித்து முடித்தார். எழுந்தபோது, "குளிரா இருக்குது அம்மணி. தலையத் தொவட்டிக்க" என்றார்.

அவ்வளவுதான். அந்த நிமிஷத்தோடு என் ‘ங்க’ போய்விட்டது. நேற்று வரைக்கும் வாங்க, போங்க, சொல்லுங்க. இன்றைக்கு அம்மணி, வா, போ. வெளியூர்க்காரர்களுக்கு இது நெருக்கமாகத் தெரியலாம். எங்கள் ஊரில் வயசுப் பெண்ணை ஒரு ஆண் ‘ங்க’ போட்டுக் கூப்பிடுகிறவரைக்கும் அதில் ஒரு கூச்சம் இருக்கிறது. அந்தக் கூச்சத்தில் ஒரு ஆசைக்கு இடம் இருக்கிறது. ‘அம்மணி, தொவட்டிக்க’ என்பது வீட்டில் தங்கச்சிக்குச் சொல்கிற சொல்.

டியூலிப் தோட்டத்துக்குப் போனோம். சிவப்பு, மஞ்சள், ஊதா என்று கண்ணுக்கெட்டிய தூரம் பூ. எனக்கு ஒன்றும் ஏறவில்லை. அவர் எனக்கு முன்னால் பத்தடி தள்ளியே நடந்தார். நான் வேகமாக நடந்தால் அவரும் வேகமாக நடந்தார். நான் என்ன தப்புச் செய்தேன் என்று நேற்றுப் பேசிய ஒவ்வொரு சொல்லையும் பிரித்துப் போட்டுப் பார்த்தேன். அதிகமாகச் சிரித்துவிட்டேனோ? பம்பைப் பற்றித் தெரிந்த மாதிரி காட்டிக்கொண்டது பிடிக்கவில்லையோ?

ரிஃபத் என் முகத்தைப் பார்த்துவிட்டான். "என்னாச்சு ரெண்டு பேருக்கும்? இரு, நா கேட்டுப்போட்டு வாரேன்" என்று அவர் பின்னால் ஓடினான். ஒரு மஞ்சள் பாத்திக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் நின்று பேசுவது தெரிந்தது. நான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து முந்தானை இல்லாத குறைக்குக் கம்பளிச் சட்டையின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்த ரிஃபத் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்ன சொன்னாங்க?"

"உடு சாந்தா."

"சொல்றியா, இல்லியா?"

"உனக்குப் புடிச்சிருக்குதாடான்னு நேராவே கேட்டேன். ‘அவிகளுக்கும் எனக்கும் ஆகாதுடா’ன்னான். என்னடா ஆகாதுன்னேன். ‘ஆகாதுன்னா ஆகாது, உட்டுரு’ன்னுட்டு அக்கட்ட போயிட்டான்."

ஆகாதாம்! அம்மாவுக்கும் சித்திக்கும் ஆகாது என்பார்கள், கண்டால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார்கள். அப்பாவுக்குப் பூசணிக்காய் ஆகாது, தின்றால் தடித்துவிடும். அந்த மாதிரி நான் அவருக்கு ஆகவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. பாலத்தின் மேல் நின்று நெய்ச் சோறு பேசினபோது ஆகியிருந்தேனே? இதைத் தம்பிதுரையிடம் நேராகவே கேட்டிருக்கலாம். கேட்பேனா? எனக்கு இருக்கிற வீறாப்புக்கு, கப்பலிலிருந்து கடலில் குதித்தாலும் குதிப்பேனே தவிரக் கேட்கமாட்டேன். திரும்பி வருகிற கப்பலில் பெண்கள் அறைக்குள் போர்த்திக்கொண்டு படுத்தவள், கரை வந்துதான் எழுந்தேன். எல்லோரும் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.

துறைமுகத்தில் பிராட்ஃபோர்டு பஸ் ஏறும்போது, "நல்லாப் படி அம்மணி. ஒடம்பப் பாத்துக்க" என்றார். பேரிலேயே தம்பி. எனக்கு ஆகிப்போனதோ அண்ணன்.

படிப்பை முடித்துக்கொண்டு கோயமுத்தூர் வந்தேன். ஒரு கல்லூரியில் டிசைன் சொல்லிக்கொடுக்கிற வேலை. தம்பிதுரைக்குக் கல்யாணம் ஆகிவிட்டதை ரிஃபத் கடையில் புடவை எடுக்கப் போனபோது கேள்விப்பட்டேன். அன்றைக்கு எடுத்த புடவையின் நிறம் வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

நாலைந்து வருஷமாக அம்மா வரன் பார்த்தாள். ஈரோட்டிலிருந்து ஒருத்தர், கோபியிலிருந்து ஒருத்தர், அமெரிக்காவிலிருந்து ஒருத்தர். மீசை சரியில்லை, குரல் சரியில்லை, நடை சரியில்லை என்று எதையாவது சொன்னேன். ஒருத்தருக்கும் ஒரு குறையும் இல்லை. யாரும் காற்றாலையைத் தாராபுரத்துக்குத் திருப்பிவிடுகிறேன் என்று சொல்லவில்லை, அதுதான் குறை. அந்தப் படம் என் பீரோவில் புடவைகளுக்கு அடியில் இருந்தது. அடிக்கடி எடுத்துப் பார்க்கமாட்டேன். பார்த்த நாட்களில் வேறு எதுவும் ஓடாது.

போன மாதம் அம்மா, "மணலூத்துக்குப் போயி அம்மனுக்கு வேண்டிக்கிட்டு வரலாம். இந்த வருசமாவது உனக்கொரு வழி பொறக்கட்டும்" என்று பிடிவாதம் பிடித்தாள். காரில் போனோம். பல்லடம் தாண்டினதும் சாலையின் இரண்டு பக்கமும் காற்றாலைகள். நான் ஊரில் இல்லாதபோது நட ஆரம்பித்தார்களாம், இப்போது காடு மாதிரி நிற்கின்றன. மூன்று கை வைத்த வெள்ளைக் காற்றாலைகள், கரண்டு எடுப்பதற்கு. கண்ணை மூடிக்கொண்டேன்.

மணலூத்து, அமராவதி ஆற்றின் இரண்டு கரையிலும் இருக்கிற ஊர். எங்கள் கோயில் அக்கரையில், வேலமரத்துக்கு அடியில், சின்னக் கோயில். அந்தப் பக்கச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்ததால் காரை இக்கரையிலேயே நிறுத்தினோம். அங்கே இன்னொரு கோயில், பெரிதாகக் கோபுரம் வைத்தது. எங்கள் பங்காளிகளுடையது அல்ல. அது பொருளந்தை கூட்டத்துக் கோயில். அன்றைக்கு அங்கே ஏதோ விசேஷம். மைக் செட் அலறிக்கொண்டிருந்தது. ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலில் நடந்து அக்கரைக்குப் போய், வேண்டிக்கொண்டு, திரும்ப நடந்து வந்தோம்.

கார்ப் பக்கத்தில் மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய ஒரு குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவர் நின்றார். நெற்றியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"அம்மணி! நீயா!" என்றார் தம்பிதுரை. அத்தனை சந்தோஷம் அந்த முகத்தில். "வாணி, இங்க வா. ரிஃபத்தோட ஹாலந்து போனோம்னு சொல்லுவனல்ல, அந்த அம்மணி. நம்ம தங்கச்சி."

அவர் மனைவி கோகிலவாணி கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். சிரித்த முகம். "வாங்க, வாங்க. கோயிலுக்கு வந்துபோட்டுச் சாப்பிடாமப் போறதாவது. பையனுக்கு மொட்டை போட்டு விருந்து வெச்சிருக்கறோம். பங்காளிக எல்லாம் பந்தியில இருக்கறாங்க. உங்கள மட்டும் இத்தன வருசமா நம்ம கோயில்ல நா பாத்ததே இல்லீங்களே?"

"நாங்க இந்தக் கோயில் இல்ல கண்ணு" என்றாள் அம்மா. "நாங்க அக்கரைக் கோயிலு. ஈஞ்சன் கூட்டம்."

"ஈஞ்சன் கூட்டமுங்களா?" வாணி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அப்பறம் எப்படீங்க தங்கச்சி ஆவீங்க? இவிக பொருளந்தை கூட்டமல்லங்க! உங்களுக்கும் இவிகளுக்கும் ஆகுமே! கட்டிக்கிற மொறையாச்சே!" புருஷனைப் பார்த்துச் சிரித்தாள். "மொறை தெரியாம இத்தன நாளாத் தங்கச்சி, தங்கச்சின்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கறாரு பாருங்க. நல்ல மனுசன்! எனக்கு அதிர்ஷ்டம். இல்லீன்னா உங்களயே கட்டிப்போட்டிருப்பாரு."

குழந்தை அழுதது. அதை வாங்கிக்கொண்டு, அம்மாவையும் கையைப் பிடித்துப் பந்திப் பக்கம் கூட்டிப்போனாள்.

ஆகும். ஆகாது. எங்கள் ஊரில் பெண்ணெடுக்கிற உறவை ஆகும் என்பார்கள். பங்காளி என்றால் ஆகாது என்பார்கள். பிறந்ததிலிருந்து கேட்கிற சொல். சொன்னவர் அப்படித்தான் சொன்னார். கொண்டுவந்த ரிஃபத்துக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்றைக்குப் பார்த்து எனக்குப் பூசணிக்காய்தான் நினைவுக்கு வந்தது, பாவி.

தம்பிதுரை அசையாமல் நின்றார். தோளில் குழந்தையின் சந்தனம் ஒட்டியிருந்தது.

"மணலூத்துன்னீங்களா, ஒரே கோயிலு, ஒரே கூட்டம்னு நெனச்சுப்போட்டேனுங்க. எனக்கு இந்தக் கோயில் ஒண்ணுதானுங்க தெரியும்" என்றார். "வருசத்துக்கு ஒருக்கா வருவோம், பொங்க வெப்போம், போயிருவோம். அக்கரைல ஒரு கோயில் இருக்குதுன்னே..."

‘ங்க’ திரும்பி வந்திருந்தது.

"கேட்டிருக்கலாமேங்க" என்றேன். "எந்தக் கூட்டம்னு ஒரு வார்த்தை. ஊரே கேக்குது. நீங்க ஒருத்தரு கேட்டிருக்கலாமேங்க."

"கேட்டா, நா நெனச்சது நெசம்னு சொல்லிப்போடுவீங்களோன்னு பயமுங்க" என்றார். "கேக்காம இருந்தா, ஒருவேளை இல்லயோன்னாவது நெனச்சுக்கிட்டு இருக்கலாமல்லங்க."

நான் அவரைத் திட்ட நினைத்தேன். கிறுக்கு மனுஷா, உன் பயத்துக்கு நானா கிடைத்தேன் என்று கேட்க நினைத்தேன். வாய் திறந்தால் அழுகைதான் வரும் போலிருந்தது.

பந்தலிலிருந்து வாணி கூப்பிட்டாள்.

"ஏனுங்க! எலை போட்டாச்சு. வாங்க!"

அவர் திரும்பினார். துறைமுகத்தில் லாரிகளுக்கு நடுவில் என் குரலுக்குத் திரும்பினாரே, அதே திரும்பல். போனார்.

நான் பந்திக்குப் போகவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டுக் காரில் உட்கார்ந்தேன். அம்மா சாப்பிட்டுவிட்டு வெற்றிலையோடு வந்து ஏறினாள். கார் தாராபுரம் சாலைக்கு வந்தது. அம்மா பெருமூச்சு விட்டாள்.

"தங்கமான பையன். பொருளந்தை கூட்டம். இப்படி ஒண்ணு அமையலையேன்னுதான் நானும் தெருத்தெருவா அலைஞ்சேன். அவிகளுக்கும் நமக்கும் ஆகுமல்லொ அம்மணி?"

"ஆகுமுங்கம்மா" என்றேன். "நல்லா ஆகும்." சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். அம்மா பதறிப்போய்க் கைப்பையைத் திறந்து, மணலூத்துத் திருநீற்றை எடுத்து என் நெற்றியில் பூசினாள்.